போத்தலின் முகப்பில் ஒரு விதவை

புலம்பெயர் நாடுகளில் எம்மவரின் பிறந்தநாள் விழாக்களிலும் திருமண வரவேற்புகளிலும், ஏன், சில இடங்களில் சாமத்தியச் சடங்குகளிலும்கூட, கேக் வெட்டும் மேசையில் ஒரு ஷாம்பெயின் போத்தல் நிற்பது வழமையாகிவிட்டது. தக்கை பறக்கும், நுரை வழியும், ஒளிப்படக்காரர் அந்தக் கணத்துக்காகவே காத்திருப்பார். அந்த மேசைகளில் மஞ்சள் நிறச் சுட்டுத்துண்டு ஒட்டிய போத்தல் ஒன்றைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் எழுதியிருக்கும் பிரெஞ்சுப் பெயர் ‘வேவ் கிளிக்கோ’. வேவ் என்றால் விதவை. கிளிக்கோ என்பவரின் விதவை என்பதுதான் அந்த ஷாம்பெயினின் பெயர்.

மங்கல காரியங்களில் விதவையை முன்னே நிறுத்தாத சமூகம் எங்களுடையது. பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கும்போது பெற்ற தாயே ஓரமாக ஒதுங்கி நிற்பதை மண்டபங்களில் இன்றும் காண்கிறோம். போரிலே கணவனைப் பறிகொடுத்து, தனியாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து இந்தக் குளிர் நாட்டில் ஆளாக்கிய பெண்களுக்கும் அதே ஓரம்தான். அந்த மண்டபத்தின் நடு மேசையில் மட்டும் 200 வருடங்களுக்கு முந்திய ஒரு விதவையின் பெயர், பளிச்சென்ற மஞ்சளில். அவர் யார் என்று தெரிந்துகொள்வது எமக்கு ஆகாத வேலையல்ல.

பரிசிலிருந்து வேகத் தொடருந்தில் முக்கால் மணி நேரத்தில் ரெய்ம்ஸ் நகரம் வந்துவிடும். எழுத்தில் ரெய்ம்ஸ், பிரெஞ்சுக்காரர் வாயில் அது ‘றான்ஸ்’. பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிய பேராலயம் உள்ள ஊர். அங்கே 1777 டிசம்பர் 16 அன்று பார்ப் நிக்கோல் பொன்சார்டன் பிறந்தார். தகப்பன் பெரிய துணி வணிகர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று முன்கூட்டியே அறியும் மனிதரும்கூட. மன்னராட்சி இருந்தபோது அவர் மன்னர் பக்கம். 1789 இல் புரட்சி வெடித்ததும் புரட்சிக்காரர் பக்கம். நெப்போலியன் வந்தபோது அவர் ரெய்ம்ஸின் நகரபிதா, பிறகு பிரபுப் பட்டமும் பெற்றவர். புரட்சி நாட்களில் கன்னியர் மடத்துப் பள்ளியிலிருந்து சிறுமி பார்ப் நிக்கோலை ஏழைப் பிள்ளையின் உடுப்பைப் போட்டு ஒரு தையற்காரி ஒளித்துக் கூட்டிச் சென்றதாக ஒரு கதை உண்டு. குடும்பக் கதைகள் வளர்ந்துகொண்டே போகும் என்றாலும், பிள்ளைகளை மாற்று உடையில் சோதனைச் சாவடி தாண்டிக் கூட்டிவந்த எங்கள் ஆட்களுக்கு அது நம்பக் கடினமான கதையல்ல.

1798 இல் அவருக்கும் பிரான்சுவா கிளிக்கோவுக்கும் திருமணம். மாப்பிள்ளை வீட்டாரும் துணி வணிகர்தான். அவர்களிடம் 1772 இல் தொடங்கிய சிறியதொரு வைன் வியாபாரமும் இருந்தது. மாமனார் பிலிப் கிளிக்கோவுக்கு அது துணி வியாபாரத்தின் வாலில் கட்டிய சங்கதி. மகனுக்கோ அதுதான் உயிர். இளம் தம்பதியர் திராட்சைத் தோட்டங்களைச் சுற்றினார்கள், தொழிலைக் கற்றார்கள். 1799 இல் கிளெமான்தின் என்ற ஒரே மகள் பிறந்தாள். 1805 ஒக்டோபரில், சில நாள் காய்ச்சலில், பிரான்சுவா இறந்துபோனார். தொழில் சரிந்துகொண்டிருந்த நேரமாகையால் தற்கொலை என்று ஊர் குசுகுசுத்தது. விதவையான அப்பெண்ணுக்கு அப்போது வயது 27.

மாமனார் உடைந்துபோய்க் கடையை மூடத் தீர்மானித்தார். இந்த இடத்தில் பார்ப் நிக்கோல் என்ன செய்தார் என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ள, அன்றைய சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நெப்போலியனின் குடியியல் சட்டக் கோவை 1804 இல் நடைமுறைக்கு வந்திருந்தது. அதன்படி மணமான பெண் கணவனின் அனுமதியின்றிச் சொத்தை விற்க முடியாது, வழக்காட முடியாது, சொந்தமாக வியாபாரம் நடத்த முடியாது. விதவைக்கு அந்தத் தடை இல்லை. தன் பெயரில் கையொப்பமிட்டு, தன் பணத்தைத் தானே முதலிட்டு, கணக்கேட்டைத் தானே பார்க்கலாம். கணவன் இருந்தவரை அவருக்குக் கிடைக்காத உரிமை, கணவன் போனபின் வந்து சேர்ந்தது. பெண்ணுக்கு அநியாயமான அந்தச் சட்டத்தில் ஓர் இடைவெளி இருந்தது, அதன் வழியே அவர் நுழைந்தார். வசதியும் அழகான குடும்பப் பெயரும் இருந்தும் அவர் மறுமணம் செய்யவேயில்லை. செய்திருந்தால் அந்தக் கையொப்பம் மறுபடியும் இன்னொரு ஆணின் அனுமதிக்குள் போயிருக்கும்.

மாமனாரிடம் போய், தனக்கு வரவேண்டிய சொத்தை இதில் போடுகிறேன், தொழிலைத் தாருங்கள் என்று கேட்டார். மாமனாரும் லேசுப்பட்டவரல்ல. அலெக்சாண்டர் பூர்னோ என்ற அனுபவசாலியுடன் கூட்டாக நான்கு வருடம் தொழில் பழக வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டுக்கொடுத்தார். அந்த நான்கு வருடமும் நட்டம். 1810 இல் பூர்னோ விலகிக்கொண்டார். அப்போதுதான் ‘விதவை கிளிக்கோ பொன்சார்டன்’ என்ற பெயரில் நிறுவனம் அவருடைய தனி நிறுவனமாயிற்று. பெயரில் விதவை என்று போட்டது இரக்கம் தேடி அல்ல. இந்தக் கையொப்பம் செல்லும் என்று வணிக உலகுக்குச் சொல்லும் சட்டச் சொல் அது.

காலமோ மிக மோசம். 1806 இல் நெப்போலியன் பிரித்தானியாவுக்கு எதிராக ஐரோப்பியத் துறைமுகங்களை அடைக்க, பிரித்தானியக் கடற்படை பதிலுக்குக் கடலை அடைத்தது. ஷாம்பெயின் வாங்கும் சீமான்கள் எல்லோரும் கடலுக்கு அப்பால். அனுப்பிய சரக்கொன்று அம்ஸ்ரடாமில் மாட்டிக்கொண்டு கெட்டுப்போயிற்று. பொருளாதாரத் தடை என்றால் என்ன என்பதை எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. சவர்க்காரத்தையும் மின்கலத்தையும் பொன்போல ஒளித்து வைத்தவர்கள் நாம். அந்த அம்மையார் அந்த வருடங்களில் நகைகளை விற்றுக் கூலி கொடுத்தார் என்கிறார்கள். அவருடைய விற்பனையாளர் லூயி போனே, யேர்மனியர், குள்ளமானவர், சளைக்காத நடையர். குதிரை வண்டியில் ரஷ்யாவரை போய்க் கட்டளை பிடித்துக்கொண்டு வருவார். கட்டளை வரும், சரக்குப் போக வழியிராது.

1811 இல் வானத்தில் ஒரு பெரிய வால்வெள்ளி பல மாதங்களாகத் தெரிந்தது. அந்த வருடத் திராட்சை அபாரமாக விளைந்தது. அந்த வைனை அவர் போத்தலில் அடைத்து நிலவறையில் படுக்கப் போட்டார், விற்க வழியில்லாமலே. 1814 தொடக்கத்தில் நெப்போலியன் தோற்றுக்கொண்டிருந்தபோது ரஷ்யப் படைகள் ரெய்ம்ஸில் புகுந்தன. படை புகுந்த ஊரில் என்ன நடக்கும் என்பதும் எமக்குத் தெரிந்ததுதான். ஆனால் அங்கே புகுந்த அதிகாரிகள் ஷாம்பெயினை ருசித்தார்கள், விரும்பினார்கள். இவர்களே நாளைய வாடிக்கையாளர் என்று அவர் கணக்குப் போட்டதாக ஊர்க்கதை. கணக்குப் போட்டாரோ இல்லையோ, கணக்குச் சரிவந்தது.

அவ்வாண்டு ஏப்ரலில் நெப்போலியன் முடிதுறந்தார். போர் ஓய்ந்தாலும் ரஷ்யாவுக்குப் பிரெஞ்சு வைன் கொண்டுபோக இருந்த தடை முறையாக இன்னும் நீங்கவில்லை. மற்ற வணிகர்கள் கடிதம் எழுதி அனுமதி கேட்டுக் காத்திருந்தார்கள். இவர் எவருக்கும் மூச்சுவிடாமல் ஒல்லாந்துக் கப்பலொன்றைப் பேசி, 10,550 போத்தல்களை லூயி போனேயுடன் ஏற்றிவிட்டார். கப்பல் பால்டிக் கடலோரம் கோனிக்ஸ்பேர்க் துறைமுகத்துக்குப் போயிற்று. இன்று அது ரஷ்யாவின் கலினின்கிராட். கப்பல் போய்ச் சேர்வதற்கிடையில் தடை நீங்காவிட்டால், அல்லது வெப்பத்தில் போத்தல்கள் வெடித்துவிட்டால், அந்த நிறுவனத்தின் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஜூலையில் சரக்குப் பழுதின்றி இறங்கியது. வாங்க வந்தவர்கள் லூயி போனேயின் விடுதி வாசலில் முண்டியடித்தார்கள். போட்டியாளர் விழித்துக்கொள்ள முன்னரே இரண்டாவது கப்பலும் புறப்பட்டுவிட்டது. சில வருடங்களுக்குள் ரஷ்யாவில் ஷாம்பெயின் என்றாலே கிளிக்கோ என்றாயிற்று. கவிஞர் புஷ்கினின் ‘எவ்கேனி ஒனேகின்’ காவியத்தில்கூட அந்தப் பெயர் ஏறியிருக்கிறது. அவர் மட்டும் ரஷ்யாவைக் கண்ணால் கண்டதில்லை. ரெய்ம்ஸ் வட்டாரத்திலேயே இருந்து கடிதங்களால் தொழில் நடத்தியவர் அவர்.

கட்டளைகள் குவிந்தபோது இன்னொரு தொல்லை முன்னுக்கு வந்தது. ஷாம்பெயின் இரண்டு தடவை நொதிப்பது. முதல் நொதிப்பில் சாதாரண வைன் வரும். அதைப் போத்தலில் ஊற்றி, கொஞ்சம் சீனியும் ஈஸ்ட் என்னும் நொதியமும் சேர்த்து மூடிவிட்டால் உள்ளே மறுபடி நொதிக்கும். அப்போது பிறக்கும் வாயு வெளியே போக வழியின்றி வைனுக்குள்ளேயே கரைந்து கிடக்கும். குமிழி அதுதான். போத்தலுக்குள் அழுத்தம் வாகனச் சில்லினுள் இருப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அந்நாளைய கண்ணாடி அதைத் தாங்காமல் நிலவறைகளில் போத்தல்கள் வரிசையாக வெடிக்கும், தொழிலாளர்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டுதான் உள்ளே போவார்கள். வெடிக்காமல் தப்பிய போத்தலுக்குள் இறந்த நொதியம் மண்டியாகத் தங்கும். அதை அப்படியே விட்டால் வைன் கலங்கல். வேறு போத்தலுக்கு வடித்தால் குமிழி பாதி போய்விடும், வைனும் வீணாகும், மாதக்கணக்கில் வேலையும் இழுபடும்.

1816 அளவில், நிலவறைத் தலைமைத் தொழிலாளி அந்துவான் முல்லருடன் சேர்ந்து அவர் இதற்கொரு வழி கண்டார். மேசைப் பலகையில் துளைகள் போட்டுப் போத்தல்களைக் கழுத்து கீழாகச் செருகுவது. தினமும் ஒவ்வொரு போத்தலையும் மெதுவாக ஒரு உலுக்கு, ஒரு சின்னத் திருப்பு. சில வாரங்களில் மண்டி முழுவதும் வழுகி வந்து தக்கையில் குந்திவிடும். பிறகு தக்கையைத் திறந்தால் உள்ளழுத்தமே அந்த மண்டியைத் துப்பிவிடும். குறைந்த அளவுக்கு இனிப்புக் கலந்த வைனை விட்டு மறுபடி மூடினால் சரி. துளைகளைச் சரிவாக வெட்டி முறையைச் செம்மைப்படுத்தியவர் முல்லர் என்பதால், கண்டுபிடிப்பு யாருடையது என்ற வாதம் இன்றைக்கும் உண்டு. தன் வீட்டுச் சமையலறை மேசையையே அவர் துளைபோட்டார் என்பதும் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதையாக இருக்கலாம். அது நடக்காது என்று சொன்ன ஆண்களுக்கு நடுவில், செய்து பாருங்கள் என்று சொல்லிக் காசையும் நேரத்தையும் போட்டவர் அவர் என்பதே எனக்குப் பெரிதாகப்படுகிறது. அந்த இரகசியத்தைத் தொழிலாளர்கள் பல வருடம் வெளியே விடாமல் காத்தார்கள். நல்ல முதலாளியம்மாவாக இருந்திருக்க வேண்டும்.

பிந்திய வருடங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1821 இல் லூயி போனே இறந்தார். அடுத்த வருடம் அம்மையார் ஒரு வங்கி தொடங்கினார். அது அவருக்கு ஒத்துவரவில்லை. வங்கியில் அவரோடு நின்ற கெஸ்லர் என்ற யேர்மனியர் 1826 இல் எஸ்லிங்கன் நகருக்குப் போய்ச் சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கினார். யேர்மனியிலுள்ள எங்கள் ஆட்கள் கடையில் காணும் கெஸ்லர் செக்ட் அதுதான். அந்த நாட்டின் மிகப் பழைய செக்ட் நிறுவனம். 1828 இல் பரிசில் வங்கியொன்று சரிந்து இவரையும் இழுத்துக்கொண்டு போகப் பார்த்தபோது, எடுவார் வேர்லே என்ற இன்னொரு யேர்மனிய இளைஞர் தன் பணத்தைப் போட்டுக் காப்பாற்றினார். வேலை தேடி வந்த அந்த அந்நியரைத்தான் அவர் 1831 இல் பங்காளியாக்கி, பின்னர் தொழிலையே ஒப்படைத்தார். வேர்லே ரெய்ம்ஸின் நகரபிதாவாகவும் ஆனார்.

மகளுக்கோ மருமகனுக்கோ கொடுக்கவில்லை. மருமகன் செவினியே கோமகன் பட்டம் உள்ளவர், கையில் காசில்லாதவர், செலவாளி, விரசமான கவிதைக் கதைகள் எழுதி அச்சிட்டவர். பூர்சோ என்ற இடத்தில் மாளிகை கட்டினார், கணக்கேட்டை மட்டும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. மகளைத் தொழிலுக்கு ஏன் பழக்கவில்லை என்ற கேள்வி எனக்கு உறுத்துகிறது. தனக்குத் திறந்த கதவை இன்னொரு பெண்ணுக்குத் திறந்துவிட வேண்டும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. மகளை அந்தக் கால மேல்தட்டுப் பெண்ணாகவே வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். துணிச்சல் கொள்ளுப்பேத்தி ஆனிடம்தான் மீண்டும் எட்டிப் பார்த்தது. உசெஸ் சீமாட்டியான அவர் 1898 இல் பிரான்ஸில் வாகன ஓட்டுநர் அனுமதி பெற்ற முதல் பெண், வேகமாக ஓட்டியதற்குத் தண்டமும் கட்டியவர். 1866 ஜூலை 29 அன்று பூர்சோவில் அம்மையார் காலமானபோது வயது 88. மகள் அவருக்கு மூன்று வருடம் முன்னரே போய்விட்டாள். விதவையாக அவர் வாழ்ந்த காலம் 60 வருடங்களுக்கு மேல், மனைவியாக வாழ்ந்ததோ ஏழே வருடங்கள்.

அவருடைய ஷாம்பெயின் என்ன ருசியாக இருந்தது என்பதை அறிய 2010 இல் ஒரு வாய்ப்புக் கிடைத்தது. பின்லாந்தின் ஓலண்ட் தீவுகளுக்கருகே கடலடியில் கிடந்த பழைய கப்பலொன்றில் 168 போத்தல்கள் அகப்பட்டன. அவற்றில் பல கிளிக்கோ. ரெய்ம்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்தபோது லீற்றருக்கு 140 கிராமுக்கு மேல் சீனி இருந்தது. அது பழச்சாற்றையும் மிஞ்சிய இனிப்பு. இன்று கடைகளில் கிடைக்கும் ‘புருட்’ என்ற வகையில் 12 கிராமுக்கும் குறைவு. அந்த மாற்றத்துக்கும் ஒரு விதவைதான் முக்கிய காரணம். 1858 இல் கணவனை இழந்து அதே ரெய்ம்ஸில் தொழிலை ஏற்ற லூயிஸ் பொமெரி, ஆங்கிலேயரின் நாக்குக்காக 1874 ஆம் வருடத் திராட்சையில் இனிப்பில்லாத ஷாம்பெயினைச் செய்து வெற்றி கண்டார்.

இந்த இரண்டு விதவைகளையும் ஒரே மேசையில் சந்திக்க விரும்பினால், வீட்டில் நாலைந்து நண்பர்களை அழைத்து ஒரு சுவைப்பு விருந்து வைத்துப் பார்க்கலாம். மதுவால் குடும்பங்கள் பட்ட பாடு எமக்குத் தெரியும். ஆளுக்கு இரண்டு வாய் போதும் என்ற விருந்து இது. மூன்று போத்தல் எடுங்கள்: ஒரு புருட், ஒரு ‘டெமி செக்’, உங்கள் நாட்டுச் செக்டோ கிரெமாவோ ஒன்று. டெமி செக்கில் லீற்றருக்கு 32 முதல் 50 கிராம் சீனி இருக்கும். அம்மையார் விற்றதற்குக் கொஞ்சமாவது கிட்ட வருவது அதுதான். விலையுயர்ந்த ஷாம்பெயின்தான் வேண்டும் என்றில்லை. கிரெமாவும் அதே இரட்டை நொதிப்பு முறையில் செய்யப்படுவதுதான், விலை பாதிக்கும் குறைவு.

பனியும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த வாளியில் அரை மணி நேரம் வைத்தால் 8 முதல் 10 பாகைக்கு வந்துவிடும். மண்டபங்களில் செய்வதுபோல் குலுக்கித் தக்கையைப் பறக்கவிடுவது கண்ணுக்கும் ஆபத்து, வைனுக்கும் நட்டம். போத்தலை ஆட்கள் இல்லாத பக்கம் சரித்துப் பிடித்து, தக்கையை இறுகப் பற்றிக்கொண்டு போத்தலைத் திருப்புங்கள், சன்னமான ஒரு மூச்சுச் சத்தத்தோடு திறக்கும். ஒடுங்கிய நெட்டைக் கிண்ணத்தைவிடச் சாதாரண வெள்ளை வைன் கிண்ணத்தில் மணம் நன்றாகத் தெரியும். கழுவும் திரவத்தின் பசை கிண்ணத்தில் இருந்தால் குமிழி எழும்பாது, வெந்நீரில் அலசிவிடுங்கள்.

புருட்டை முதலில் ஊற்றுங்கள். பொரித்த, உப்புள்ள தின்பண்டத்தோடு அது நன்றாகச் சேரும். கட்லற்றும் உளுந்து வடையும் இருந்தால் பிரெஞ்சுக்காரரின் பாற்கட்டி தேவையில்லை. செத்தல் மிளகாய் கூடிய ரோல்ஸுக்குப் புருட் கசக்கும், அதற்கு டெமி செக்கை எடுங்கள், இனிப்பு உறைப்பை அடக்கும். குடிக்காத அம்மம்மா மேசையில் இருந்தால் அவர் கையிலும் ஒரு கிண்ணத்தைக் கொடுத்து விளக்குக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் ஒரு துகளும் இராது.